நூலரின் மூட்டைக் குடும்பம்

கார்ச் சில்லை, அதாவது சக்கரத்தை, நேராக்கித் தருவதற்கு முன்னால் கார்க்காரரின் குடும்ப விவரத்தை விசாரிக்கிற ஒரே மனிதர் இந்த இலங்கைத் தீவில் ஒட்டுசுட்டான் நூலர்தான். இதை எந்தக் கோயில் வாசலிலும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்ய நான் தயார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் அங்கே வேலை மாற்றலாகிப் போன காலத்தில் அது ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. காரின் இரண்டு பக்கமும் இரும்புக் கட்டைகளை நட்டு, மீன்வலைக்காரரிடம் வாங்கிய நைலோன் நூலை இழுத்துக் கட்டுவார். பிறகு முழங்காலில் நின்றபடி, நூலிலிருந்து முன்சில்லின் முன்விளிம்பு எவ்வளவு தூரம், பின்விளிம்பு எவ்வளவு தூரம் என்று அடிமட்டம் என்கிற இரும்பு அளவுகோலை வைத்து அளப்பார். கணக்கு ஒத்து வரும்வரை அடியில் படுத்து முறுக்குவார். சில்லுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றாலும் சரி, கோபித்துக்கொண்டு வெளியே பார்த்தாலும் சரி, கார் றோட்டில் அலையும், ரயர் தேயும். இவ்வளவும் எல்லாக் கராஜிலும் உள்ள கதைதான்.

நூலரின் சட்டம் வேறு. ஆட்கள் ஏறினால் கார் பதியும், பதிந்தால் சில்லின் பார்வை மாறும். ஆகவே அந்தக் காரில் வழக்கமாக ஏறுகிற அத்தனை பேரும் அவரவர் இடத்தில் வந்து இருந்தாக வேண்டும். வெறும் காரைக் கொண்டு போனால் தொடமாட்டார்.

"வெறுங் காரோ றோட்டிலை ஓடுறது? ஆக்களெல்லோ ஓடுறது" என்பார்.

முல்லைத்தீவு மீன் வியாபாரி ஒருவர் ஒருமுறை வெறும் வானோடு வந்துவிட்டார். "மீனை ஏத்திக்கொண்டு வாரும்" என்று திருப்பி அனுப்பினார் நூலர். மறுநாள் அவர் ஐஸ் பெட்டிகளோடு வந்து நின்றார். வேலை முடிவதற்குள் ஊர்ப் பூனைகள் எல்லாம் வானைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டன. ஒரு பூனையைக்கூட அவர் நூலில் முட்ட விடவில்லை.

தண்ணீரூற்றிலிருந்து வந்த புருசன் பெண்சாதி வேறு ரகம். இருவருக்கும் பல மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவா முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் இருந்தா.

"அசையப்படாது. கதைக்கலாம், ஆனா கையை ஆட்டாமல் கதையுங்கோ" என்று உத்தரவு போட்டுவிட்டு நூலர் அடியில் புகுந்துகொண்டார்.

சும்மா எவ்வளவு நேரம்தான் இருப்பது? சண்டை தொடங்கியது. ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டு பெரிய சண்டை பிடிக்க நம்மவர்களால் முடியாது. அது மெல்ல மெல்ல இறங்கி, அன்றைக்கு மத்தியானம் என்ன கறி என்பதில் வந்து நின்றது. இருவரும் சிரித்துக்கொண்டு போனார்கள். சமாதானம் செய்து வைத்த புகழ் முழுவதும் நூலரின் இரும்பு அடிமட்டத்துக்குப் போனது.

என் முறை வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

"ஆர் ஆர் ஏறுறவை, தம்பி?"

"நான் மட்டுந்தான், அண்ணை."

"மனுசி?"

"கலியாணம் கட்டேல்லை."

"தாய் தேப்பன்?"

"மோசம் போட்டினம். இப்ப ரெண்டு பேரும் இல்லை."

"சிநேகிதப் பொடியன் ஆரும்?"

நான் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தேன். அந்த ஊரில் என் அறைக் கதவைத் தட்டுகிறவர் சோற்றுப் பார்சல் கொண்டுவருகிறவர் மட்டுந்தான். அவரை ஏற்றிக்கொண்டு நான் எங்கேயும் போவதில்லை.

"இல்லை, அண்ணை" என்றேன்.

"பாவம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. என் காரின் முதுகைத் தடவிக்கொண்டு காருக்குச் சொன்னார்.

என் காரின் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. குடும்பமாக வருகிறவர்களுக்கோ அரை நாள் எடுக்கும். வேலை முடிந்த பிறகும் அவர் காருக்கு அடியில் படுத்துக் கிடப்பார். மேலே பிள்ளைகள் சண்டை பிடிக்கும், மாமியார் யாரையாவது திட்டுவா. நூலர் கையில் முறுக்குகிற சாவியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய வீட்டு வளவில் மனிதக் குரல் கேட்கிற நேரம் அது ஒன்றுதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அவருடைய மனைவி காலமாகிவிட்டா. ஒரே மகள் சுவிசில் இருந்தாள். "வாற வருசம் வாறன், அப்பா" என்று ஒவ்வொரு வருசமும் சொல்வாள். வந்ததும் அவளைத் தன் பழைய மொறிஸ் மைனரில் ஏற்றி, ஒரு துளியும் அலையாமல் முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். நூலருக்கு இந்தப் பிறவியில் இருந்த ஆசை அவ்வளவுதான். ஆனால் அவர் சட்டப்படி, ஏறுகிறவர் இல்லாமல் அந்தக் காரை நேராக்க முடியாதே? போனில் மகளின் எடையைக் கேட்டார்.

"என்னப்பா, பொம்பிளையளிட்டைக் கேக்கிற கேள்வியே இது?" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

ஆகவே நூலர் ஒரு மதிப்பு மதித்து, நெல்லு மூட்டை ஒன்றை முன்கதிரையில் ஏற்றினார். அதுதான் மகள். மகளுக்குக் கலியாணம் அங்கேயே நடந்தபோது பின்கதிரையில் ஒரு பெரிய மூட்டை ஏறியது. பிறகு அதன் பக்கத்தில் குட்டியாய் ஒரு பை வந்து இருந்தது. நூலர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஊரார் காருக்குள் எட்டிப் பார்த்து, "நூலருக்குப் பேத்தி பிறந்திட்டுது" என்று தேத்தண்ணிக் கடையில் பேசிக்கொண்டார்கள். நூலர் அடிக்கடி பேத்திப் பைக்குள் சுண்டு சுண்டாக நெல்லுப் போட்டு அவளை வளர்த்துக்கொண்டும் வந்தார்.

ஒட்டுசுட்டானில் நெல்லு மணந்தால் யானை சும்மா இருக்குமா? ஒருநாள் காலையில் பார்த்தால் மொறிஸ் மைனரின் பின்கதவு பிடுங்கப்பட்டு வளவில் கிடந்தது. "நூலற்றை மருமோனை யானை திண்டிட்டுதாம்" என்ற செய்தி பஸ்ஸேறி நெடுங்கேணி வரைக்கும் போனது. பாதி வழியில் அது உண்மை மனிதராக மாறி, துக்கம் விசாரிக்க நாலு பேர் வந்துவிட்டார்கள். நூலர் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். கதவைத் திரும்பப் பொருத்திச் சரிப்படுத்தி, குடும்பம் முழுவதையும் மணல் மூட்டையாக மாற்றினார்.

அப்படியிருக்க ஒரு ஆடி மாதம் மகள் உண்மையிலேயே வந்தாள். குளிரூட்டிய வாடகை வானில் கணவனோடும் பிள்ளையோடும் வந்து இறங்கினாள். ஒரு இரவுக்கு மேல் தங்குவதற்கு நேரமில்லை, அடுத்த நாள் நல்லூர்க் கோயிலுக்குப் போக வேண்டும். நூலர் மொறிஸ் மைனரின் அருகில் கார் துடைக்கிற துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஏறு என்று கேட்கவில்லை. வானா, காரா? நாங்கள் மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம்.

மகள் காருக்குள் பார்த்தாள்.

"என்னப்பா இந்த மூட்டையள்?"

"அது... நீங்கள்தான், பிள்ளை."

அவள் முன்கதிரை மூட்டையைத் தானே இழுத்துக் கீழே போட்டுவிட்டு ஏறி இருந்தாள். மருமகனும் பின்கதிரை மூட்டைகளை இறக்கிவிட்டுப் பேத்தியோடு பின்னால் ஏறினார்.

பொழுதுபட முன் கடற்கரையிலிருந்து திரும்பி வந்தார்கள். கார் பாம்பு போல நெளிந்து நெளிந்து வந்தது. மகளும் மருமகனும் சுவிசில் அவர் மதித்த எடையை மிஞ்சி நன்றாகச் சாப்பிட்டிருந்தார்கள். இறங்கிய நூலரின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அலையுது, தம்பி! நல்லா அலையுது!" என்றார் என்னிடம். தன் வேலை பிழையாய்ப் போனதற்கு அவ்வளவு சந்தோசப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை.

அடுத்த நாள் புறப்படுகிற நேரம் மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நூலர் எல்லோரையும் எதிரிலிருந்த நெல்லுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தராசில் ஏற்றினார். இந்த முறை மகள் மறுக்கவில்லை. அழுதுகொண்டு ஏறி நின்றாள்.

"நீரும் ஏறும்" என்றார் என்னிடம். தராசு சரியோ என்று பார்க்கிறார் என நினைத்து ஏறி இறங்கினேன்.

வான் போய்விட்டது. சில நாளுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனபோது நூலர் மொறிஸ் மைனருக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். மூட்டைகள் சரியான எடையில் தங்கள் இடத்தில் இருந்தன. ஆனால் பின்கதிரையின் மற்றக் கரையில் புதிதாக ஒரு மூட்டை இருந்தது.

"என்ன அண்ணை, மகளுக்கு இன்னொரு பிள்ளையோ?"

"இல்லை. அது நீர்தான், தம்பி" என்றார், அடிமட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் இப்போது வவுனியாவில் இருக்கிறேன். அறை வேறு, சோற்றுப் பார்சல் அதேதான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நூலருக்குப் போன் எடுப்பேன். மகளின் சுகம், மழை, யானை எல்லாம் கதைத்து முடிந்த பிறகு, பகிடி போல ஒரு கேள்வி கேட்பேன்.

"நான் இன்னும் இருக்கிறனோ, அண்ணை?"

அவர் போனைக் கீழே வைத்துவிட்டு, செருப்பை இழுத்துக்கொண்டு கார் நிற்கிற கொட்டிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"ஓம், தம்பி. இருக்கிறீர்."