பெர்மிஷன் மாமாவும் ஒன்பது வயது நானும்

எங்கள் தெருவில் பெர்மிஷன் மாமாவைக் கேட்காமல் ஒரு ஜாம்பிகூடச் செத்தது கிடையாது.

நான் கூட்டிச் சொல்லவில்லை. அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற தெரு எங்களுடையது. டிவியோடு கேம் பெட்டியை மாட்டிவைத்திருந்த அத்தனை வீட்டுக்கும் அவர்தான் காவல் தெய்வம். கார் ஓட்டுகிற பிள்ளை, பந்து உதைக்கிற பிள்ளை, கோட்டை கட்டுகிற பிள்ளை, யாராக இருந்தாலும் அவர் தலையசைத்த பிறகுதான் பெட்டி திறக்கும். அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்க வேண்டும். தெருவில் யாருக்கும் தெரியாது. அவரைவிட மூத்தவர்களே அவரை மாமா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எனக்கு நாற்பது தாண்டிச் சில வருஷம் ஆகிறது. ஆனால் கேம் பெட்டியின் கணக்குப்படி இந்த வாரம்தான் எனக்குப் பதினெட்டு முடிந்தது. இனி மாமாவிடம் நான் எதையும் கேட்க வேண்டியதில்லை. கேட்டவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

மாமா திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர். ஆந்திரா, ஒடிசா, ராஜஸ்தான் என்று ஊர் ஊராகப் போய்ப் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தவர். முழங்கால் தேய்ந்த பிறகு வீட்டோடு வந்து உட்கார்ந்தார். அந்த வருஷம் லீவுக்கு வந்த பேத்திக்கு ஆசையாக ஒரு கேம் பெட்டி வாங்கினார். அது, 'வீட்டுப் பெரியவரிடம் அனுமதி வாங்கி வா' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. மாமா டிவி முன்னால் உட்கார்ந்தவர் எழவில்லை. லீவு முடிந்து பேத்தி ஊருக்குப் பஸ் ஏறினாள். மறுநாள் காலை பெட்டி திறந்துகொண்டது. விளையாடத்தான் ஆள் இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் இவர் தெருவுக்குள் இறங்கினார் என்று அத்தை, அதாவது மாமாவின் மனைவி, சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்.

எந்த வீட்டில் கூப்பிட்டாலும், போர்க் குழிக்குள் குழாய் சிக்கிக்கொண்டதுபோல அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை அடியில மாட்டியிருக்குதுங்க?"

பாஸ்வேர்டு மறந்தால் நூறு அடி. வயதைத் தப்பாகப் போட்டிருந்தால் முந்நூறு. அப்பாவின் பழைய சிம்முக்கு ஓ.டி.பி. போய்க்கொண்டிருந்தால், "பாறைங்க, பாறை" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். 'ரீசெட்' என்ற வார்த்தையை மட்டும் அவர் காதில் போட்டுவிடக் கூடாது.

"ரீசெட்டா? தண்ணி வல்லைன்னு போரை மூடிப்போட்டு ஊரைக் காலி பண்ற வேலைங்க அது! புள்ளை மாசக்கணக்குல கட்டுன கோட்டை போயிருமுங்க. ஆரைக் கேட்டு மூடறது?"

வேலை எப்போதும் சுத்தமாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பல் டாக்டர் வீட்டில் கேம் பூட்டைத் திறக்கப் போய், டிவியையே பூட்டிவிட்டு வந்தார். அந்த வீட்டுப் பெரியம்மா சில நாள் சீரியல் பார்ப்பதற்கும் மாமாவுக்குப் போன் போட வேண்டியிருந்தது. "இன்னிக்கு அந்த மருமக அழுவறாங்க மாமா, கொஞ்சம் தொறந்து உடுங்க" என்று கெஞ்சியதை நானே கேட்டிருக்கிறேன்.

ஆனால் மனுஷருக்கு ஆட்களைத் தெரியும். சங்ககிரியிலிருந்து பிள்ளைகள் படிப்புக்காக எங்கள் தெருவுக்குக் குடிவந்த லாரிக்காரர் ஒருவர், நாலு எண் பூட்டுப் போட்டுவிட்டு அதை மறந்துபோனார். பிள்ளைகள் இரண்டும் தரையில் உருண்டுகொண்டிருந்தன. மாமா போனார். ரிமோட்டைத் தொடவே இல்லை.

"சங்ககிரிதானுங்களே? மொத வண்டி நம்பர் என்னங்க?"

"அதைத்தானுங்க மாமா மொதல்ல போட்டேன். ஆகலைங்க."

சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "அது மொத வண்டி இல்லீங்களே. அதுக்கு முந்தி ஒண்ணு இருந்துச்சே, தொப்பூர்ல கவுந்தது..."

"அந்தப் பேச்சை எடுக்காதேன்னு சொல்லியிருக்கறனல்லொ!"

"கவுந்தாலும் மூத்தது மூத்ததுதானுங்க" என்றார் மாமா. "நீ நம்பரைச் சொல்லு அம்மணி."

நம்பர் சொன்னார். பெட்டி திறந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு கார் ஓட்டப் போய்விட்டார்கள். லாரிக்காரர் மட்டும் டிவியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

இனி என் கதை. என் வீட்டுக்காரரும் ரிக் வண்டிதான். வருஷத்தில் பாதி நாள் சத்தீஸ்கரில் இருப்பார். பையனை விட்டுவிட்டு இருக்கிறோமே என்ற உறுத்தலில் ஒரு கேம் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, பிரிக்கக்கூட நேரமில்லாமல் வண்டி ஏறிவிட்டார். நான்தான் மாட்டினேன். 'உங்கள் பிறந்த தேதி' என்று பெட்டி கேட்டது. பிள்ளை பெற்ற நாளிலிருந்து நான் நிரப்பிய தாள் எல்லாம் அவனுக்காகத்தான். தடுப்பூசி, எல்.கே.ஜி., பஸ் பாஸ், கராத்தே. பிறந்த தேதி என்று எங்கே பார்த்தாலும் என் விரல் தானாக என் பையன் கவினின் தேதியைத்தான் அடிக்கும். அடித்துவிட்டேன். எனக்கு வயது ஒன்பது ஆகிவிட்டது.

கவின் விவரமானவன். ஒன்பது வயது என்றால் ஆட்டம் ஆகாது என்று பார்த்துவிட்டு, அவன் பங்குக்கு அவன் தாத்தா பிறந்த வருஷத்தைப் போட்டுக்கொண்டான். ஆக, வீட்டில் பெரியவர் அவன், குழந்தை நான். என்னைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டு, 'அம்மா' என்று பெயரும் போட்டுவிட்டான். சாயந்தரம் நான் பழம் வெட்டுகிற ஆட்டம் ஒன்றைத் திறந்தால், 'உன் பெற்றோரிடம் கேள்' என்கிறது. சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த என் பெற்றோராகிய கவின், "ஹோம் ஒர்க் இல்லைன்னு சொல்லு, பெர்மிஷன் தாரேன்" என்றான்.

மாமாவுக்கு ஆள் அனுப்பினேன். வந்து பார்த்துவிட்டு, பெட்டி நிற்கும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பையன் கணக்கை எடுத்துவிட்டு, உண்மையான வயதில் புதிதாகப் போட்டார். என் வயதைத்தான் கூட்ட முடியவில்லை. குழந்தையின் வயதைக் கூட்ட ஆதாரம் அனுப்ப வேண்டுமாம்.

"ஒம்பது வயசுன்னு சொன்னதுக்குச் சண்டைக்குப் போற பொம்பளையை நான் பாத்ததில்லீங்க. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "ஆனா ஊட்டுல ஒரு பெரியவங்க இருந்தாத்தான் பெட்டி ஒத்துக்கும். உங்க ஊட்டுக்காரருக்கு அங்க டவரே இல்லை. அவரு வர்ற வரைக்கும் நானே இருந்துக்கறேனுங்க."

என் வீட்டுக்காரர் வந்தார், போனார், பல தடவை வந்தார், போனார். மாமாதான் எங்கள் வீட்டுப் பெரியவராகவே இருந்தார். இதைப் பார்த்துத் தெருவில் மற்ற பெண்களும் அவரையே போட்டுக்கொண்டார்கள். எல்லார் வீட்டிலும் அப்பாக்கள் லாரியிலும் ரிக்கிலும் இருக்க, தெருப் பிள்ளைகளின் கோரிக்கைகள் எல்லாம் மாமாவின் போனுக்குப் போயின. அந்தப் போன் லாரி ஹாரன் மாதிரி அலறும். கல்யாணப் பந்தியில் அலறும், முடி வெட்டும்போது அலறும். அவர் சும்மா ஒரு பொத்தானை அமுக்கிவிடுகிற ஆள் இல்லை. விசாரணை உண்டு.

"யாரைடா சுடப் போறே?"

"ஜாம்பியை மாமா."

"ஜாம்பின்னா?"

"செத்துப்போனவன் மாமா."

"செத்தவனை மறுக்கா எதுக்குடா சுடறே? அவன் உன்னை என்ன பண்ணுனான்?"

பிள்ளை வாதாட வேண்டும். வாதம் சரியாக இருந்தால் அரை மணி நேரம். "மோர் குடிச்சியா? அம்மாளுக்குத் தண்ணிக் கொடத்தை எடுத்து வெச்சியா?" என்பதெல்லாம் கிளைக் கேள்விகள்.

எனக்கும் விசாரணை உண்டு. மத்தியானம் வேலையெல்லாம் ஓய்ந்து நான் பழம் வெட்ட உட்கார்ந்தால், 'உங்கள் குழந்தை அம்மா விளையாட அனுமதி கேட்கிறாள்' என்று மாமாவுக்குப் போகும். முதல் தடவை அதைப் படித்தவர் போனில் சிரித்துச் சிரித்து இருமினார். அதுவரை என்னை 'வாங்க, போங்க' என்றவர், அன்றோடு 'வா, போ'வுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் எனக்கு ஒரே கேள்விதான்.

"சாப்ட்டியா சாமி?"

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் நல்லவர். தினமும் போன் செய்வார். "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். எல்லாரும் சாப்பிட்டிருப்பார்கள். என் அப்பா போன பிறகு, நீ சாப்பிட்டாயா என்று என்னைத் தனியாகக் கேட்டது பெர்மிஷன் மாமா மட்டும்தான். 'இல்லைங்க மாமா' என்று சொன்னால் அனுமதி கிடையாது. பழம் வெட்டுவதற்காகவே நான் நேரத்துக்குச் சாப்பிடப் பழகினேன்.

ஒருநாள் நானே கேட்டேன், "உங்களுக்கு இது தொல்லையா இல்லீங்களா மாமா? பேசாம நாங்களே பாத்துக்கறோமே."

"என்ற பசங்க எங்கிட்ட எதுவுமே கேட்டதில்லை சாமி. கேக்கற வயசுல நான் ஒடிசாவுல கொழாய் எறக்கிக்கிட்டு இருந்தேன். எல்லாத்தையும் அவங்கம்மாகிட்டயே கேட்டுக்கிட்டாங்க. நான் வந்து உக்காந்தப்போ கேக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அரை மணி நேரந்தான். கண்ணு கெட்டுப் போயிரும்" என்றார்.

அத்தைக்கு உடம்புக்கு ஆகாமல் போனதும் இரண்டு பேரும் வெண்ணந்தூர்ப் பக்கம் அவர்கள் தோட்டங்காட்டுக்கே போய்விட்டார்கள். தெருவில் ஒவ்வொரு வீடாகப் பெரியவரை மாற்றிக்கொண்டது. இப்போது அம்மாக்கள் ஒரு கையில் தோசை திருப்பிக்கொண்டே மறு கையால் பொத்தானை அமுக்கிவிடுகிறார்கள். தெருவில் எத்தனையோ ஜாம்பிகள் கேள்வி கேட்பாரில்லாமல் சாகிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் மாமாவே இருந்தார். "ரெண்டு நிமிஷத்துல உனக்குப் புதுக் கணக்குப் போட்டுடலாம் சித்தி" என்று என் அக்கா மகன் வரும்போதெல்லாம் சொல்வான். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன்.

வெண்ணந்தூரில் அவர் காட்டில், தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால்தான் போனுக்குச் சிக்னல். தேய்ந்த முழங்காலோடு அதில் ஏறி இறங்காதீர்கள் என்று அத்தை திட்டுவாராம். ஆனாலும் மத்தியானமானால் ஏறிவிடுவார். கொஞ்சம் தாமதமாகக் கேள்வி வரும், அதற்குப் பின்னால் அனுமதி வரும்.

இந்த வாரம் கவினுக்குப் பதினெட்டு ஆனது. அவன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறான். கேம் பெட்டி இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது. அதே நாளில் எனக்கும் பதினெட்டு ஆனது. பெட்டியைத் திறந்தேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, 'இனி உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை' என்றது. பழங்கள் தாமாக மேலே எழும்பின. எனக்கு ஒன்றைக்கூட வெட்டக் கை வரவில்லை. சும்மா விழ விட்டேன்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம் போன் வந்தது. பின்னணியில் காற்றுச் சத்தம். தொட்டிமேல் நிற்கிறார்.

"என்ன சாமி, இன்னிக்கு ஒண்ணும் வல்லையே? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க மாமா. எனக்குப் பதினெட்டு ஆயிருச்சுங்க. இனிமே கேக்க வேண்டியதில்லையாம்."

"அப்படியா சாமி" என்றார். "சரி. பெரியவளாயிட்டே. நல்லதுதான்." அப்புறம் கேட்டார். "அப்ப நான் எறங்கட்டுமா?"

இறங்கினால் இனி ஏற மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"மாமா."

"சொல்லு."

"ஒரு அரை மணி நேரம் வெளையாடிக்கட்டுங்களா?"

பிறகு பழைய குரல் வந்தது, ரிக் வண்டி இரைச்சலில் பேசிப் பழகிய குரல். "சாப்ட்டியா?"

பிறந்த நாளும் அதுவுமாக எனக்குச் சோறே இறங்கியிருக்கவில்லை. "இன்னும் இல்லைங்க மாமா."

"மணி என்னாவுது? மொதல்ல போய்ச் சாப்பிடு. வெளையாட்டெல்லாம் அப்பறம். நாளைக்குக் கேளு, பாக்கலாம்."

அனுமதி கிடைக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டுப் போய்த் தட்டை எடுத்து வைத்தேன்.