எஞ்சினியர் வீட்டுச் சடைநாய்க்கு நான் முடி வெட்டியது

இருபத்திரண்டு வயதில் எனக்கு ஒரு நோய் இருந்தது. எதைக் கண்டாலும் ‘இது என்ன பெரிய வேலை’ என்று தோன்றுகிற நோய். தையல் பரீட்சையில் பாஸ் பண்ணி, சொந்தமாக ஒரு பெரிய கத்தரிக்கோலும் வாங்கிக்கொண்டு, கிளிநொச்சிப் பக்கத்தில் குடியேற்றத் திட்டப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தையல் ரீச்சராக வந்திறங்கியபோது நோய் நன்றாக முற்றியிருந்தது. அது ஐம்பதுகளின் கடைசி.

அக்காவும் அத்தானும் அங்கே குவாட்டர்ஸில் இருந்தார்கள். நான் அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். அத்தான் ஓவசியர், வாய்க்கால் வெட்டுவிப்பது அவர் வேலை. அத்தானுக்கு மேலே எஞ்சினியர். எஞ்சினியருக்கு மேலே அவரின் பெண்சாதி, எஞ்சினியர் அம்மா. அவவுக்கு மேலே அவவின் நாய் டெய்சி.

டெய்சி வெள்ளைச் சடைநாய். மயிர் நிலத்தைக் கூட்டும். எது முகம், எது வால் என்று குரைக்கும்போதுதான் தெரியும். ஒரு மாத லீவில் எஞ்சினியரோடு கொழும்புக்குப் போன எஞ்சினியர் அம்மா அதை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனா. கூடவே ஒரு பிரஷ், ஒரு சீப்பு, ‘தினமும் இரண்டு தரம் சீவ வேண்டும்’ என்ற கட்டளை. அத்தான் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு எழுதிய விண்ணப்பம் எஞ்சினியரின் மேசையில் கிடந்த காலம் அது. டெய்சியை அத்தான் எப்படித் தூக்கிக்கொண்டு வந்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூன்று நாள் சீவினோம். நாலாம் நாள் எனக்குப் பள்ளிக்கூடம், அக்காவுக்குக் குசினி, அத்தானுக்கு வாய்க்கால். டெய்சிக்கு மட்டும் வேலை இல்லை. அது வயலுக்குப் போய்விட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் போனது. சேற்றில் புரண்டது, ஒட்டுப்புல்லைச் சுமந்து வந்தது. மூன்றாம் கிழமை முடிவில் அதன் மயிர் முழுவதும் திரண்டு, வெயிலில் காய்ந்த சாக்குப்போல ஒரே சடையாகிவிட்டது. தட்டினால் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை தந்தி வந்தது. ‘நாளை வருகிறோம்.’

அத்தான் தந்தியையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். “பிள்ளை, இதை என்ன செய்யிறது?”

“நீங்கள் வேலைக்குப் போங்கோ அத்தான். நான் பாக்கிறன்,” என்றேன். (பார்த்தேன்.)

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிணற்றடியில் குளிப்பாட்டினேன். நனைந்த சடை இன்னும் இறுகியது. தேங்காயெண்ணெய் அரைப் போத்தல் தடவினேன். எண்ணெயில் நனைந்த டெய்சி உடனே முற்றத்து மண்ணில் புரண்டு எழுந்தது. அப்போதுதான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

“வேண்டாமடி,” என்றா அக்கா.

“கழுத்து வெட்டி ரவிக்கை தைக்கிற எனக்கு நாய் மயிர் வெட்டத் தெரியாதே? நீ தலையைப் பிடி.”

முதலில் அதன் முதுகின் நடுவே தையல் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். (சிரிக்காதீர்கள். நடுக்கோடு போடாமல் வெட்டினால் துணி கோணும் என்று எழுதிப் பாஸ் பண்ணியவள் நான்.) பிறகு இடப்பக்கத்தை வெட்டத் தொடங்கினேன். எது சடை, எது தோல் என்று தெரியவில்லை. பயந்து பயந்து, ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் வெட்டிக்கொண்டு போனேன். ஒரு மணி நேரத்தில் இடப்பக்கம் முழுவதும் ஒரே பாயாகக் கழன்று விழுந்தது. உள்ளே இருந்தது ரோஸ் நிறத் தோல். அதில் அங்கங்கே படிக்கட்டுகள்.

அதுவரை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தா. “ஐயோ, பண்டிக்குட்டி!” என்று, பன்றியையே பிடித்திருந்தவள்போலக் கத்திக்கொண்டு கையை விட்டா. டெய்சி வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் பாய்ந்து மறைந்தது. வலப்பக்கத்துச் சடை அப்படியே இருந்தது.

நான் கத்தரிக்கோலோடு வாய்க்கால் கரையால் ஓடினேன். இக்கரையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், “நாய் ஒண்டு போனதே?” என்று கேட்டேன்.

“ஓம் ரீச்சர், வெள்ளைச் சடைநாய். இப்பதான் இதாலை போச்சு.”

அக்கரையில் நின்றவள் நிமிர்ந்தாள். “நாயோ? அது பண்டிக்குட்டி எல்லோ!”

“உனக்குக் கண் தெரியாதே?”

“உனக்குத்தான் தெரியாது! அதின்ரை தோலைப் பாத்தனான்!”

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அதை விளக்க எனக்கு நேரமும் இல்லை, முகமும் இல்லை. வாய்க்காலின் இரு கரையிலும் சண்டையை மூட்டிவிட்டு ஓடினேன். பின்னால் அக்கரைக்காரியின் குரல் கேட்டது: “கந்தையா அண்ணைக்குச் சொல்லியாச்சு! அவர் துவக்கோடை போறார்!”

துப்பாக்கி என்றதும் இன்னும் வேகமாக ஓடினேன். கந்தையா அண்ணையின் வயலைக் காட்டுப் பன்றிகள் கிண்டிப் போட்டிருந்தன. இரண்டு நாளாக அவர் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

நான் போனபோது அவர் வரம்பில் முழந்தாளிட்டுத் துவக்கை உயர்த்தியிருந்தார். இருபது யார் தூரத்தில், நெல்லுக்கு நடுவே, டெய்சியின் இடப்பக்கம் ரோஸ் நிறத்தில் மினுங்கியது.

“சுடாதையுங்கோ! அது எஞ்சினியற்றை நாய்!”

“தள்ளி நில்லுங்கோ ரீச்சர். எனக்கு நாயையும் தெரியும், பண்டியையும் தெரியும்.”

நான் துவக்குக்கும் நாய்க்கும் நடுவில் போய் விழுந்தேன். வீரமென்று நினைக்காதீர்கள், வரம்பு வழுக்கியது. என் சத்தத்துக்கு டெய்சி திரும்பியது. வலப்பக்கம் தெரிந்தது. கந்தையா அண்ணை துவக்கை மெல்ல இறக்கினார். நாயின் இந்தப் பக்கத்தைப் பார்த்தார், அந்தப் பக்கத்தைப் பார்த்தார், கடைசியாக என் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார்.

“உங்கடை வேலையோ?”

“ஓம்.”

“நான் சுட்டிருந்தா அதுக்கு மானமாவது மிஞ்சியிருக்கும்.”

நான் சேற்றில் இருந்தபடியே அழத் தொடங்கினேன். ஒரு விரல் அசைந்திருந்தால் அந்தச் சீவன் செத்திருக்கும், என் கெட்டித்தனத்தால். டெய்சி தானாகவே வந்து என் முகத்தை நக்கியது. அதற்கும் என்னைப் போலவே புத்தி குறைவு.

கந்தையா அண்ணை மடியில் வைத்துப் பிடிக்க, மற்றப் பக்கத்தையும் அங்கேயே வெட்டி முடித்தேன். தலையையும் வாலையும் தொட அவர் விடவில்லை. “ரெண்டு அடையாளமாவது இருக்கட்டும்,” என்றார்.

சனிக்கிழமை விடிய எழும்பி, மிச்சம் கிடந்த பூப்போட்ட சீத்தைத் துணியில் டெய்சிக்கு ஒரு சட்டை தைத்தேன். அந்த வருடம் எல்லோரும் பஃப் கைதான் கேட்டார்கள். பழக்கதோஷத்தில் அதற்கும் நான்கு பஃப் கை வைத்துவிட்டேன்.

எஞ்சினியரும் அம்மாவும் ஸ்ரேசனிலிருந்து நேரே எங்கள் வாசல் படலைக்கு வந்தார்கள். சட்டை போட்ட டெய்சி ஓடிப்போய் அம்மாவின் காலைச் சுற்றியது. அவ அதைத் தூக்கினா. சட்டையைக் கழற்றினா. இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“இதை ஆர் வெட்டினது?”

நான் நன்றாகத் தெரியும்படி அத்தான் சற்று ஒதுங்கி நின்றார்.

“நான்தான் அம்மா. சடை பிடிச்சிட்டுது... வெக்கை வேறை...”

அவ இங்கிலிஷில் நீளமாக ஏதோ சொன்னா. எனக்கு இங்கிலிஷ் காணாது என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அக்கா கொண்டுவந்த தேத்தண்ணியைத் தொடாமல் நாயோடு நடந்துவிட்டா.

எஞ்சினியர் மட்டும் ஒரு நிமிடம் நின்றார். சிரிப்பை அடக்கி அவர் முகம் சிவந்திருந்தது. “ஓவசியர், நீர் வெட்டுவிக்கிற வாய்க்காலும் இப்பிடித்தான் மேடும் பள்ளமுமோ? திங்கட்கிழமை வந்து பாக்கிறன்.”

வந்தார். பகிடிக்குச் சொன்னார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மட்டம் பார்க்கிற கருவியோடு வந்து, மூன்று நாள் அத்தானை வெயிலில் நிறுத்தி, எல்லா வாய்க்காலையும் அளந்தார். வாய்க்கால்கள் சரியாகத்தான் இருந்தன. மாற்ற விண்ணப்பம் மட்டும் எந்த ஃபைலுக்குள் போனதோ, திரும்பி வரவில்லை. அதற்கு டெய்சிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அக்கா சொல்லுவா. அத்தான் அங்கேயே காணி எடுத்து, வீடு கட்டி, கிளிநொச்சியான் ஆகிவிட்டார்.

அதன் பிறகு என்னிடம் ரவிக்கை தைக்க வந்த பெண்கள் எல்லோரும் துணியைத் தருமுன் ஒரு கேள்வி கேட்டார்கள்: “ரீச்சர், ரெண்டு பக்கமும் ஒரே நாளிலை வெட்டி முடிச்சிடுவியள்தானே?”

பல வருடம் கழித்து அக்காவின் மகளுக்குக் கலியாண ரவிக்கை தைத்ததும் நான்தான். அப்போது அத்தானுக்குக் காது மந்தம். தான் மெதுவாகக் கதைப்பதாக நினைத்துக்கொண்டு, மணவறைக்குப் போன மகளை மறித்து, சபை முழுவதும் கேட்கச் சொன்னார்:

“பிள்ளை, ஒருக்காத் திரும்பு. மற்றப் பக்கத்தையும் பாப்பம்.”

எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் விளங்காமல் விழித்தார்கள். தாலி கட்டி முடியும்வரை பொறுத்திருக்கலாம்தானே? அக்கா பொறுக்கவில்லை. சம்பந்தியம்மாவின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எங்கடை தங்கச்சி முந்தி ஒரு நாய்க்கு...” என்று தொடங்கிவிட்டா.