கண்ணாடி போட்ட கரடி

பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது பெற்றோர் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. எனக்குக் கலைச்செல்வி என்று வைத்துவிட்டார்கள். கலைக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, எட்டாம் வகுப்பில் செம்பருத்திப் பூவை வரைந்து, "இது இன்னா, இட்லிப் பானையா?" என்று அறிவியல் டீச்சரிடம் கேள்வி வாங்கியதுதான்.

அப்படிப்பட்ட என்னை வைத்துத்தான் தினேஷ் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான். இருவருக்கும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை. காதல். பேரணாம்பட்டில் என் வீட்டார் ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் அவன் அம்மா, ஆற்காட்டில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, என் போட்டோவைக்கூடப் பார்க்க மறுத்தார். அவருக்குப் படம், கோலம் என்றால் உயிர். உடனே இவன், "பொண்ணு சூப்பரா வரைவாம்மா, ஆர்ட்டிஸ்ட்" என்று சொல்லிவைத்தான். (இதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.)

அப்போது வேலூரில் ஓர் ஓவிய அருங்காட்சியகத்தில், ஒரு நாள் மாலை ஊர்மக்கள் எல்லோருக்கும் அனுமதி இலவசம், டீயும் சமோசாவும் உண்டு என்று அறிவித்தார்கள். "அம்மாவ இட்டாறேன். நீ தற்செயலா வந்தா மாதிரி வா" என்றான். நான் தற்செயலாகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தற்செயலாக நாலு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"அட, கலை! நீயும் வந்துக்கிறியா?" என்றான் தினேஷ் வாசலில். பள்ளி நாடகத்தில் மரமாக நிற்பவன்கூட அதைவிட நன்றாக நடிப்பான்.

அவன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேரணாம்பட்டுலேர்ந்து சமோசா சாப்புட பட்டுப்புடவைல வந்தியாம்மா?"

உள்ளே ஒரு கூடத்தில், எதிரில் உட்காருபவரைப் பார்த்து வரையும் ஏற்பாடு. ஒரு தன்னார்வலப் பெண் எல்லோருக்கும் தாளும் கரித்துண்டும் கொடுத்து, "பின்பக்கம் பேர் எழுதிடுங்க" என்றாள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேராக உட்கார்ந்தார். "ஆர்ட்டிஸ்டாமே. என்னை வரை, பாக்கலாம்."

தினேஷைத் திரும்பிப் பார்த்தேன். ஓவியம் எல்லாம் கூரையில்தான் மாட்டியிருக்கிறது என்பதுபோல அண்ணாந்து நின்றான்.

மூக்கில் ஆரம்பித்தேன். மூக்கு முடிந்தபோது பாதித் தாள் முடிந்திருந்தது. மிச்ச இடத்தில் கண்களை ஆளுக்கொரு ஓரமாக ஒதுக்கி, மேலே மூக்குக் கண்ணாடியை மாட்டினேன். உதடு கோணியது. விரலால் அழித்தேன். கரி அழியுமா? மீசையாகி, தாடியாகி, காது வரைக்கும் பரவியது. மூக்குத்தி மட்டும் அச்சு அசலாக அமைந்தது.

அவரோ காலைப் பிரேயரில் நிற்பதுபோல ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் குரல்கூட இளகிவிட்டது. "என்னை யாரும் வரைஞ்சதே இல்லம்மா. கல்யாண போட்டோல கண்ண மூடிட்டேன். இதையாச்சும் ஃப்ரேம் போட்டு மாட்டணும்."

அவர் எழுந்து வருவதற்குள், தாள்களைச் சேகரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் என் தாளைத் திணித்தேன். தப்பித்தேன் என்றே நினைத்தேன்.

டீ குடித்துவிட்டு வந்தால், வரைந்த படங்களை எல்லாம் கொடிக்கயிற்றில் வரிசை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மனிதர்கள் ஒரு வரிசை, இயற்கைக் காட்சி ஒரு வரிசை, குழந்தைகள் வரைந்த விலங்குகள் ஒரு வரிசை. என் படம் யானைக்கும் முயலுக்கும் நடுவில் தொங்கியது.

"அப்பா, கரடி! கண்ணாடி போட்டுக்குது!" என்று ஒரு வாண்டு கத்தியது.

அம்மா எட்டிப் பார்த்துக் குலுங்கிச் சிரித்தார். "யார் வீட்டுப் புள்ளையோ, பாவம். எதைப் பாத்து பயந்துச்சோ. ஏம்மா, என் படம் எங்க?"

"நல்லா வந்ததெல்லாம் உள்ள எடுத்துட்டுப் போய்ட்டாங்க ஆன்ட்டி" என்றேன்.

அந்த நேரம் பார்த்து மைக் கரகரத்தது. "விலங்குகள் வரிசையில முதல் பரிசு, கண்ணாடிக் கரடி! வரைஞ்ச குட்டிப் பாப்பா கலைச்செல்வி எங்கிருந்தாலும் மேடைக்கு வாங்க!"

அம்மா கரடியைப் பார்த்தார். தன் கண்ணாடியைத் தொட்டார். மறுபடி கரடியைப் பார்த்து, தன் மூக்குத்தியைத் தொட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

"போ. கூப்புடுறாங்க இல்ல?"

பட்டுப்புடவை சரசரக்கப் போய், குழந்தைகளோடு வரிசையில் நின்று ஒரு கிரேயான் பெட்டி வாங்கினேன். கூட்டம் கை தட்டியது. திரும்பி வந்தபோது அம்மா படத்தைக் கேட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். தினேஷ் செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினான். நான் பஸ்ஸில் கரிக் கையாலேயே கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதேன். டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. "அம்மா ரூம சாத்திக்கிச்சு. உள்ள சிரிக்குதா அழுவுதான்னே தெரியல" என்றான் தினேஷ். மூன்றாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"கலையா? ஞாயித்துக்கெழம உங்க அப்பா அம்மாவ இட்டுக்கினு வா. யாரு கூப்புட்டாங்கன்னு கேட்டா, கரடி கூப்புட்டுச்சுன்னு சொல்லு."

சொன்னபடியே ஃப்ரேம் போட்டு, ஆற்காட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் எல்லாம், "என் மருமக என்னை வரைஞ்சது. மாமியார இப்படிப் பாத்தும் தைரியமா வந்து கட்டிக்கிட்டா" என்று அறிமுகம் நடக்கும்.

போன வாரம் என் மகளுக்கு வீட்டுப்பாடம், ஏதாவது ஒரு காட்டு விலங்கு வரைந்து வர வேண்டும். நோட்டோடு நேராக என் மாமியாரிடம் போய், "ஆயா, ஆடாம உக்காரு" என்றாள். அவரும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக உட்கார்ந்தார். நான் எட்டிப் பார்த்ததும்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"நீ உள்ள போடி. உன் கை ராசி கொழந்தைக்கு ஒட்டிக்கப் போவுது."