பூட்டிய பீரோவும் பதினாறு செகண்டும்

மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்த குமரகுருபரன் மேஜையைப் பார்த்துத் திடுக்கிட்டார். கலைத்து வைத்திருந்த ரூபிக் கியூப், ஆறு பக்கமும் நிறம் சேர்ந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்திலிருந்த டைமர் பத்தொன்பது செகண்டில் நின்றிருந்தது.

அவர் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். லீவில் நடக்கும் கியூப் போட்டிக்கு மாணவர்களோடு தானும் பெயர் கொடுத்திருந்தார். முதலில் வெள்ளைக் கூட்டல்குறி, பிறகு மூலையையும் ஓரத்தையும் ஜோடியாக இறக்குவது, கடைசி அடுக்குக்கு எழுபத்தெட்டு சூத்திரங்கள். எல்லாம் மனப்பாடம். ஆனாலும் ஒன்றரை நிமிஷத்துக்குக் கீழே இறங்கியதில்லை.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த மனைவி சித்ரலேகாவிடம் கேட்டார்.

"ஏட்டி, வீட்டுக்கு யாரும் வந்தாவளா?"

"உள்தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்குனது நீங்க. என்கிட்டக் கேக்கியளே!"

மறுநாள் கியூபைப் பீரோவில் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு படுத்தார். தூக்கத்துக்குள் எங்கோ சரசரவென்று ஏதோ உரசும் சத்தம். விழித்தபோது பீரோ பூட்டியிருந்தது. சாவி இடுப்பில். கியூப் மேஜை மேல். பதினாறு செகண்ட்.

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

மூன்றாம் நாள் கியூப் மேல் கோயில் திருநீற்றை அள்ளிப் பூசினார். விழித்தபோது மேஜையெல்லாம் சாம்பல் சிந்திக் கிடந்தது. பதினான்கு செகண்ட்!

பயத்தோடு இப்போது பொறாமையும் சேர்ந்துகொண்டது. நாலாம் நாள் ஒரு தாளில், 'தாங்கள் எந்த முறையில் செய்கிறீர்கள்?' என்று எழுதிப் பணிவாகப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தார்.

எழுந்தபோது, கீழே கோணல்மாணலாக ஒரே ஒரு சொல்: 'யோசிக்காதே.'

சித்ரலேகா அதைப் படித்தாள். தாளைத் தூர வீசினாள்.

"பேய்கிட்டப் பாடமா படிக்கிய? இனிமே ஒரு பொழுது இங்கன இருக்க மாட்டேன். களக்காட்டுக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். நீங்களும் கிளம்புங்க!"

மறுநாள் காலை ஆட்டோவில் பெட்டிகள் ஏறின. எதிர்வீட்டு மாடிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த சொரிமுத்து, சாரத்திலிருந்து அவசரமாக இறங்கி வந்தான்.

"என்ன சார், வீட்டைக் காலி பண்ணுதியளா?"

"ஆமாப்பா. இங்க என்னமோ சரியில்ல."

"அடடா! நாலு நாளா ஜன்னல் வழியா பாக்கேன் சார். நீங்க குறட்டை விட்டுக்கிட்டே அந்தக் கட்டையைத் திருகுத வேகத்துல, எனக்கு இங்க வேலையே ஓடல!"