கோட்டுக்கு வெளியே சிவரூபன்

"உங்கட மனிசன் ரிங்குக்குக் கீழ நிண்டா ராசா, தங்கச்சி. கோட்டுக்கு வெளிய நிண்டா, காகத்துக்குக் கல்லெறியிற மாதிரித்தான்."

கந்தோரில் பக்கத்து மேசை ஜவ்பர் நானா இதைச் சொன்னபோது சுலோஜனா முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். முத்திரை தாளை விட்டு மேசையில் விழுந்தது.

அவள் கணவன் சிவரூபன் துறைமுக வீதிக் கூடைப்பந்து அணியின் நட்சத்திரம். ஞாயிற்றுக்கிழமை கிண்ணியா அணியுடன் இறுதிப்போட்டி. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, தூரத்திலிருந்து அவன் எறிந்தால் விழாது என்று திருகோணமலை முழுக்க ஒரே கதை.

"போன வருசம் கப்பல்துறையில எறிஞ்சது விழுந்ததே, நானா?"

"அது காத்துப் போட்டது."

அவளைச் சுட்டது பந்து அல்ல. "இவரையோ கட்டப்போறாய்?" என்று வீட்டார் கேட்டபோது, ஓம் என்று சொன்னவள் அவள். அவன் தவறவிட்ட ஒவ்வொரு பந்தும் அந்த ஓமின் மேல் வந்து விழுந்தது. கூடைப்பந்தில் தனக்கு இவ்வளவு அக்கறை எப்போது வந்தது என்று யோசித்தாள். பதில் பிடிக்காததால் யோசிப்பதை நிறுத்தினாள்.

"நான் காட்டுறன் பாருங்கோ," என்றாள்.

அன்று மாலைப் பயிற்சியை முகநூலில் நேரலையாகப் போட்டாள். சிவரூபன் வெளியிலிருந்து எறிந்தான். பந்து வளையத்தைத் தொடவேயில்லை. அடுத்தது வேலிக்கு அப்பால் மேய்ந்த மானைக் கலைத்தது. ஓடும் மானுக்குப் பாட்டுச் சேர்த்து ஊரே பகிர்ந்தது.

"மானுக்குக் காயம் ஒண்டுமில்லையாம். அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஜவ்பர் நானா மறுநாள்.

வீட்டில் அவள் பொரிந்தாள். "ஏனப்பா வாய் திறக்காமல் இருக்கிறியள்? ரோசம் இல்லையோ?"

"கதைக்கிறவை கதைக்கட்டும், சுலோ. நீர் சோத்தைப் போடும்."

அவன் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சாப்பிட்டான். அந்த ஆறுதல்தான் அவளை எரித்தது. இவனுக்காக நான் வெட்கப்படுகிறேனா, இவனை வைத்து என்னைக் காப்பாற்றப் பார்க்கிறேனா?

சனிக்கிழமை விடிய, "எனக்கும் எறியப் பழக்குங்கோ," என்று ஆளில்லாத மைதானத்துக்கு அவனைக் கூட்டிப்போனாள். கைப்பையில் தொலைபேசியை மறைவாகச் சாய்த்து வைத்தாள்.

"மணிக்கட்டை இப்பிடி மடக்கும்," என்று எறிந்து காட்டினான். விழுந்தது. இடது மூலையிலிருந்து விழுந்தது. வலது மூலையிலிருந்தும். துறைமுகக் காற்று எதிரே வீச வீச, பந்து வலைக்குள் வழுக்கிக்கொண்டேயிருந்தது.

சுலோஜனாவுக்குக் கண் கலங்கியது. தன் ஓம் பிழையாய்ப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காணொளியை ஏற்றினாள்: "இப்ப கதையுங்கோ பாப்பம்!"

போட்டிக்கு முதல்நாள் சிவரூபன் தொலைபேசியைத் தொடுவதில்லை. ஊர் தொட்டது. தம்பலகாமத்திலிருந்துகூடப் பாராட்டு வந்தது. ஜவ்பர் நானா மன்னிப்புக் கேட்டுக் குரல்பதிவே அனுப்பினார். அவள் அதை மூன்றுதரம் கேட்டாள்.

ஞாயிறு மாலை, சிவரூபன் கோட்டுக்கு வெளியே எங்கே போனாலும் கிண்ணியாக்காரர் இருவர் நிழலாக ஒட்டினார்கள். பந்து அவன் கைக்கு வரவேயில்லை. இடைவேளையில் துறைமுக வீதி படுமோசமாகப் பின்தங்கியிருந்தது.

சுலோஜனா, மாற்று ஆட்டக்காரர் வாங்கிலிருந்த நுஸ்கியிடம் குனிந்தாள். "ஏன் தம்பி, இவரை இண்டைக்கு மட்டும் இப்பிடி மறிக்கினம்? வெளியில நிண்டா சும்மா விடுறவையே?"

நுஸ்கி துவாயால் முகத்தைத் துடைத்தான்.

"இண்டைக்கும் சும்மா விடவேணும் எண்டுதான் அக்கா, வருசம் முழுக்கப் பாடுபட்டு அவருக்குப் பிழையா எறியப் பழக்கினனாங்க."