டோரிஸின் இளைப்பும் வயிற்றுப் புளிப்பும்

திருமுல்கேரி, செகந்திராபாத்,
13-11-1978

மரியாதைக்குரிய அக்கா ஜெயசுந்தரி அவர்களுக்கு,

தம்பி ஏனோக் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் யூனிஸும் மகள் டோரிஸும் கர்த்தர் தயவில் இருக்கிறோம். நாசரேத்தில் நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். பதறாமல் படிக்கவும். வெள்ளிக்கிழமை நீங்கள் இங்கே வரப் புறப்பட வேண்டாம்.

டோரிஸுக்கு இந்த ஊர்க் காற்று ஆகவில்லை, ஏழு வயதுப் பிள்ளை இப்படி மூச்சுக்கு அல்லாடுவதைப் பார்க்க முடியவில்லை, வந்து கூட்டிக்கொண்டு போய் உங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள் என்று போன மாதம் அழுது எழுதியவன் நான்தான். மறுக்கவில்லை. அப்போது எனக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம். நாய் முடிதான் காரணம் என்று யாரோ சொல்ல, எங்கள் நாயைக் கொஞ்சம் தள்ளியிருக்கும் போலாரம் ஊரில் ஒரு சிநேகிதர் வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றேன். நான் வீடு வந்து சேருமுன் அது வாசலில் உட்கார்ந்திருந்தது. பிறகு பக்கத்து வீட்டுச் சாரங்கபாணி வீட்டு மிளகாய் நெடி என்று தோன்றி, வேலியோரம் நின்று சத்தம் போட்டேன். "கைக்கு சார் இப்படிக் கத்தறீங்க? எங்க வீட்டு மிளகா உங்க வீட்டுக்கு நடந்தா வருது?" என்றார். (கைக்கு என்றால் இந்த ஊரில் எதற்கு என்று அர்த்தம்.) இப்போது ஒரே ஆபீஸ் பஸ்ஸில் ஆளுக்கொரு சன்னலைப் பார்த்துக்கொண்டு போகிறோம். சுவருக்கு வெள்ளையடித்தேன், அந்த வாடையில் இளைப்பு கூடியது. பிள்ளைக்குத் தெம்பில்லை என்று, இளைத்து அடங்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு முட்டை, பெரிய டம்ளர் பால், அதற்கு மேல் சோறு என்று ஊட்டி, அசையாமல் மல்லாக்கப் படுக்கவைத்தேன். "போதும்ங்க, தொண்டை வரைக்கும் அடைக்காதீங்க" என்றாள் யூனிஸ். நான் கேட்டால்தானே!

நாலாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, உதடு நீலம் பாரித்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். அக்கா, அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஆட்டோவில் செகந்திராபாத் போகும்வரை சங்கீதம் சொன்னேன். பாதியில் வசனம் மறந்து ஆபீஸ் டெலிபோன் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தேனாம், யூனிஸ் சொல்கிறாள்.

டாக்டர் உமாசங்கர் ஊசி போட்டு, மூச்சு சீரானதும், என்னை விட்டுவிட்டு டோரிஸைக் கேட்டார். தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்வாள், உங்களுக்குத் தெரியுமே.

"எப்பம்மா வருது?"

"அன்னம் தினி படுகுண்டே."

சோறு தின்று படுத்தால் வருகிறதாம். புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறி, நெஞ்சு எரிந்து, அப்புறம்தான் இருமலும் இளைப்புமாம்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நுவ்வு அடகலேது கதா, டாடி."

நான் கேட்கவே இல்லையாம்! நாயை விசாரித்தேன், சாரங்கபாணியை விசாரித்தேன், பிள்ளையை விசாரிக்கவில்லை. டாக்டர் முன்னால் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "வயித்துப் புளிப்பு மேல ஏறி இவளுக்கு இளைப்பைக் கிளப்புது. எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். இளைப்பு மருந்தை நிறுத்தாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடட்டும். சாப்பிட்டதும் படுக்க வேண்டாம். கட்டில் தலைமாட்டுக்குச் செங்கல் வையுங்க."

வைத்தாயிற்று. ஆறு நாளாக இழுப்பில்லை. இருந்தாலும் அவள் தும்மினால்கூட நான் எழுந்து நிற்கிறேன். காற்றின் மேல் பழி போட்டு உங்களை அலைக்கழித்ததை மன்னியுங்கள். டோரிஸ் இங்கேயே இருக்கட்டும். நீங்கள் வர வேண்டாம், தயவுசெய்து வர வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டைக் கர்த்தர் ஒரு குறையுமில்லாமல் வைப்பாராக.

உங்கள் அன்புத் தம்பி,
ஏனோக்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் தந்தி வந்தது. லீவு முன்னாலேயே கிடைத்து நேற்றே ரயில் ஏறிவிட்டீர்களாம், நாளைக் காலை பெட்டியோடு பிள்ளையை ஸ்டேஷனுக்கே கூட்டி வர வேண்டுமாம். ஆகையால் இதைத் தபாலில் போடவில்லை. பிளாட்பாரத்தில் கையில் தருகிறேன். வாயால் சொன்னால் உளறிவிடுவேன். யூனிஸும் வருகிறாள். டோரிஸின் கையை அவள்தான் பிடித்திருப்பாள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அந்தக் கையை மட்டும் விடச் சொல்லாதீர்கள்.