கம்பெனி பஸ்ஸில் நான் செய்த ஆராய்ச்சி

ஒரு பெண் எதையாவது நிரூபித்தே தீருவது என்று கிளம்பினால், அவளுக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டதாகத்தான் ஊர் எடுத்துக்கொள்ளும். இது எனக்கு இருபத்திரண்டு வயதிலேயே தெரிந்திருந்தால், அப்பாவுக்கு ரத்த அழுத்தம் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஓசூரில் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், ஸ்டோர்ஸ் பிரிவில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. உத்தனப்பள்ளிப் பக்கம் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, அப்போது இன்னொரு கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். மத்திகிரியில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரௌசிங் சென்டருக்குப் போய், உலகமெங்கும் இருக்கும் தமிழர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் ஒரு மின்னஞ்சல் குழுவில் நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன். (வீட்டில் அதற்குப் பெயர் 'கம்ப்யூட்டர் கிளாஸ்'.)

வெளிநாட்டில் இருந்த ஒரு பெரியவர் ஒருநாள், ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் பேசுகிறவர்கள், இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று எழுதினார். எனக்கு வந்ததே கோபம். "தவறு. ஆண்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள்" என்று தட்டிவிட்டேன். குழுவை நடத்திய பேராசிரியை இருவரிடமும் ஆதாரம் கேட்டார். பெரியவர் கொடுத்த ஆதாரம், அவருடைய மனைவி. நான் சிரித்து முடிப்பதற்குள் பேராசிரியையிடமிருந்து எனக்கும் கேள்வி வந்தது: "நீங்கள் எண்ணிப் பார்த்தீர்களா, இல்லை தோன்றியதைச் சொல்கிறீர்களா?"

எண்ணவில்லை. எனவே எண்ணக் கிளம்பினேன்.

கைப்பை நிறையப் புளியங்கொட்டை. ஓர் ஆண் வாயைத் திறந்தால், ஒரு கொட்டை பையின் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போகும். (விஞ்ஞானி என்று நினைப்பு.) பஸ்ஸில் பெண்களுக்கு முன் சீட்டுகள், ஆண்கள் பின்னால். அதனால் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அதிலும் மெஷின் ஷாப் முனிராஜு, பேரிகைக்காரர், ஏறியதிலிருந்து இறங்கும்வரை கிரிக்கெட், தக்காளி விலை, சூப்பர்வைசரின் மீசை என்று ஓயவே மாட்டார். என் ஆராய்ச்சிக்குக் கிடைத்த புதையல். கழுத்து சுளுக்கும்வரை அவரைப் பார்த்தேன்.

அடுத்த மாதமே முனிராஜுவும் அவருடைய அம்மாவும் தாய்மாமாவும் வாழைப்பழமும் பூவுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"உங்க பொண்ணு எங்க பையனையே பாக்குதாமே. பஸ்ஸே சொல்லுது. பெரியவங்க நாமளே பேசி முடிச்சிட்டா நல்லதில்லீங்களா?" என்றார் அந்த அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நாளைலருந்து நீ வேலைக்குப் போவ வேணாம்." குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அடம்பிடித்துப் படித்து வாங்கிய வேலை.

"பாத்தது நெசந்தாம்பா. ஆனா அவரு எத்தன வாட்டி பேசறாருன்னுதான் பாத்தேன்."

இதைக் கேட்டதும் எல்லோர் முகமும் இன்னும் மோசமாயிற்று. கைப்பையைக் கவிழ்த்துக் காட்டினேன். கொட்டை ஒன்றை எடுத்துப் பார்க்கப் போன தாய்மாமா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். (மந்திரித்தது என்று பயந்திருப்பார்.)

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த முனிராஜு எனக்கு உதவ முன்வந்தார்.

"அவங்க என்னைய மட்டும் பாக்கலீங்க. வெல்டிங் கணேசனப் பாத்தாங்க. டிரைவர் அண்ணனப் பாத்தாங்க. ரிட்டயர் ஆவப்போற செக்யூரிட்டியக்கூடப் பாத்தாங்க. நானே கவனிச்சேன்."

அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

என் அம்மா காதருகே வந்து, "பொம்பளைங்களயும் பாத்தேன்னு சொல்லித் தொலடி" என்றாள். மானத்தைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. எனக்கோ அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. பெண்கள் பேசியதை நான் எண்ணவே இல்லை. எண்ணிய நேரமெல்லாம் அவர்களோடு சேர்ந்து நானும் பேசிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"இல்லம்மா. அத மறந்துட்டேன்" என்று சொல்லி அழ ஆரம்பித்தேன்.

முதலில் சிரித்தவர் முனிராஜுவின் அம்மாதான். "ஹௌதா?" என்று கன்னடத்தில் வியந்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். "ஏங்க, ஆசப்பட்ட பொண்ணு இதுக்கா அழுவும்? இது வேற ஏதோ பைத்தியங்க. வேலைய நிறுத்திப்புடாதீங்க. எங்க பையன்தான் பேச்சக் கொறைக்கணும்." கொண்டுவந்த பழத்தை அவர் திருப்பி எடுத்துப் போகவில்லை.

மறுநாள் அப்பாவே என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். "முன்னாடி பாத்து உக்காரு" என்றார், அவ்வளவுதான்.

என் கருத்தைத் திரும்பப் பெறுவதாகக் குழுவில் எழுதினேன். பெரியவர் உடனே தாம் ஜெயித்ததாக அறிவித்தார். "உங்களுக்கு இன்னமும் ஆதாரம் ஒரு மனைவிதான்" என்று பேராசிரியை பதில் போட்டார்.

சில வருடங்கள் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா மாப்பிள்ளையைத் தனியே அழைத்துப்போய், "மறைக்கக் கூடாதுங்க. எம் பொண்ணு பஸ்ஸுல ஆம்பளைங்களப் பாக்கும். ஆனா எல்லாரையும் சமமாப் பாக்கும்" என்றிருக்கிறார். மாப்பிள்ளை காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சம்மதம் சொன்னார். இன்றைக்கும் எங்கள் கல்யாண நாளில் அப்பாவின் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டுவார். 'எல்லாரையும் சமமா' என்ற இடம் வரும்போது பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள்.